கல்லூரி ஐஸ் ஹாக்கி: மூன்றாவது சீசனும் அதே இடம். பயிற்சியில் முதலில் எதை மாற்றுவது?

நீலக்கோடு:

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ-வின் உச்சப் பிரிவு, டிவிஷன் 1-ல் ஆடும் ஒரு சிறிய கல்லூரியின் ஆண்கள் அணி பற்றிய கேள்வி. பெயர் வேண்டாம், பயிற்சியாளர்களைக் குறை சொல்வதும் நோக்கமில்லை. மூன்று சீசனாக லீக் பட்டியலின் அடியிலேயே கிடக்கிறது. வீடியோ வெட்டிக் கொடுக்கும் பக்கத்திலிருந்து கேட்கிறேன்.

பவர் பிளே, அதாவது எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது ஆடுவது, மோசமில்லை. ஐந்துக்கு ஐந்து ஆடும்போதுதான் அடி. சொந்த ஜோனிலிருந்து (நம் வலை இருக்கும் பகுதி) பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) வெளியே கொண்டுவர முடிவதில்லை. எதிரணி ஃபோர்செக் (பக்கைப் பறிக்க நம் ஜோனுக்குள்ளேயே வந்து நெருக்குவது) வந்தவுடன் நம் பையன்கள் பக்கைச் சுற்றுக் கண்ணாடியான கிளாஸோடு சேர்த்து அடித்துத் தள்ளுகிறார்கள், அது ஜோனின் எல்லையான புளூ லைனிலேயே மாட்டித் திரும்பி வருகிறது. இரண்டாவது பீரியடில் வாங்கும் கோல்கள்தான் அதிகம். கோலியின் (கோல்கீப்பர்) சேவ் விகிதம், அதாவது வந்த ஷாட்களில் தடுத்த பங்கு, 0.900-க்குக் கொஞ்சம் கீழே. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இது: ஜூனியர் லீக்கில் நன்றாக ஆடி வந்த பையன்கள், மூன்றாம் ஆண்டிலும் முதலாண்டில் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்கிறார்கள்.

ஒவ்வொரு வருஷமும் சிஸ்டத்தை மாற்றிப் பார்த்தாயிற்று. ஒரு வருஷம் 1-2-2 ஃபோர்செக் (முன்னால் ஒருவர், பின்னால் இருவர் இருவராக), அடுத்த வருஷம் 2-1-2. பலன் தெரியவில்லை. என்சிஏஏ விதிக்கும் வாரம் 20 மணி நேரப் பயிற்சி வரம்புக்குள் வீரர்களை வளர்க்க உண்மையிலேயே இடம் இருக்கிறதா? எங்கே தொடங்குவது? டிரில் அளவுக்கு இறங்கிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மூன்றாம் லைன்:

நண்பரே, முதலில் அந்த 20 மணிக் கணக்கை முடித்துவிடுவோம். போட்டி நாள் என்றால் காலை ஸ்கேட், மீட்டிங், ஆட்டம் எல்லாம் சேர்த்து 3 மணி நேரமாகத்தான் எழுதுவார்கள். வெள்ளி, சனி இரண்டும் ஆட்டம் என்றால் 6 போயிற்று, மீதி 14. ஒரு நாள் முழு ஓய்வு கட்டாயம், எந்த நாளும் 4 மணியைத் தாண்டக் கூடாது. காயத்துக்கான சிகிச்சை கணக்கில் வராது. எடைப் பயிற்சியும் பயிற்சியாளரோடு உட்கார்ந்து பார்க்கும் வீடியோவும் வரும். திங்கள் முதல் வியாழன் வரை ஐஸில் நாலரை மணி, எடை இரண்டு மணி, வீடியோ ஒன்றரை மணி என்று தாராளமாகப் போட்டாலும் 8 மணிதான் ஆகிறது. ஆக, நேரத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கால்களுக்குத்தான். வியாழக்கிழமை காலில் தெம்பு இல்லாத அணிக்கு எந்த சிஸ்டமும் உதவாது.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. டிசம்பர் தேர்வு முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்வரை உள்ள விடுமுறையில் அந்த 20 மணி வரம்பு பொருந்தாது. வகுப்பும் இல்லை. வருஷத்தில் அடிப்படைத் திறன்களை நிதானமாகச் சொல்லிக் கொடுக்க வாய்க்கும் ஒரே காலம் அதுதான். தோற்கும் அணிகள் அதை ஓட்டப் பயிற்சியில் கரைத்துவிடுகின்றன.

இப்போது சிஸ்டத்துக்கு வருவோம். 1-2-2 ஆனாலும் 2-1-2 ஆனாலும், பக் எதிரணியிடம் இருக்கும்போது என்ன செய்வது என்பதற்குத்தான் அது பதில். நீங்கள் விவரிக்கும் நோய், பக் நம்மிடம் வந்த முதல் இரண்டு விநாடியில் இருக்கிறது. அதற்கு டிஃபன்ஸ்மேன் (தற்காப்பு வீரர்) பின்னால் ஓடிப்போய் பக்கை எடுக்கும் விதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எதிரணி பக்கை மூலைக்குத் தள்ளுகிறது, நம் ஆள் திரும்பி ஓடுகிறார். பக்கைத் தொடுவதற்குள் இரண்டு தடவை தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். ஃபேஸ்ஆஃப் வட்டத்தின் (இரு அணி ஆட்களுக்கு நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் இடம்) மேல்விளிம்பில் ஒரு தடவை, பக்குக்கு இரண்டு எட்டு இருக்கும்போது இன்னொரு தடவை. முதல் பார்வையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும். இரண்டாவதில் முதல் ஆள் எந்தத் தோள் பக்கமாக வருகிறார் என்று தெரியும். தடுமாறும் அணிகளின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், இரண்டாவது பார்வை இருக்கவே இருக்காது. அப்படிப்பட்டவர் பக்கைத் தொட்ட பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார். அதற்குள் ஐஸைச் சுற்றியுள்ள தடுப்பான போர்டில் அழுத்திவிடுவார்கள். கிளாஸோடு அடித்துத் தள்ளுவது பயத்தால் அல்ல, தகவல் இல்லாததால்.

அடுத்தது போகும் பாதை. பக்கை நோக்கி நேர்கோட்டில் போனால் முதுகு முழுவதும் எதிரிக்குத் திறந்து கிடக்கும். கொஞ்சம் வளைந்து, போர்டுக்கு இணையாக வந்து சேர்ந்தால் தொடும்போதே கால் நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டு குதிகாலும் ஒன்றையொன்று பார்க்க இடுப்பை விரிக்கும் மோஹாக் திருப்பம் கைவந்தால், பக்கை எடுத்த கணமே மொத்த ஐஸும் கண்ணுக்கு முன்னால் இருக்கும். தொடுவதற்கு முன் தோளை ஒரு பக்கம் சாய்த்துப் போக்குக் காட்டிவிட்டு மறுபக்கம் போவதும் இதோடு சேர்த்தே பழக வேண்டியது.

ஜோடி டிஃபன்ஸ்மேனின் வேலை வாயில் இருக்கிறது. "வீல்" என்றால் வலைக்குப் பின்னால் சுற்றி நீயே கொண்டு போ. "ரிவர்ஸ்" என்றால் வந்த வழியே போர்டில் விட்டுவிடு, நான் எடுக்கிறேன். "ஓவர்" என்றால் மறுபக்கம் எனக்குக் கொடு. "அப்" என்றால் போர்டு ஓரத்தில் நிற்கும் விங்கருக்கு (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டு). பக்கைத் தொடுவதற்கு முன்பே இந்தச் சொல் வர வேண்டும், பிறகு வந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

டிரில் இப்படி. பயிற்சியாளர் நடுக்கோட்டிலிருந்து பக்கை மூலைக்கு அனுப்புகிறார். டிஃபன்ஸ்மேன் புளூ லைனில் தொடங்குகிறார், ஒரு ஃபோர்செக்கர் இரண்டு விநாடி கழித்து நடுக்கோட்டிலிருந்து கிளம்புகிறார். புளூ லைனில் நிற்கும் இன்னொரு பயிற்சியாளர் விரல்களை உயர்த்திக் காட்டுகிறார், எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறார். பக்கைத் தொடுவதற்கு முன் கடைசியாகப் பார்த்த எண்ணை ஓடுபவர் கத்திச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த முறை கணக்கில்லை. முதல் வாரம் இவ்வளவுதான். இரண்டாம் வாரம் ஜோடியும் அழைப்புகளும். மூன்றாம் வாரம் சென்டரும் விங்கர்களும் சேர்ந்து ஐந்து பேருக்கு எதிராக இரண்டு ஃபோர்செக்கர், பிறகு மூன்று. ஒவ்வொரு டிஃபன்ஸ்மேனுக்கும் 8 முறை கிடைத்தால் போதும், 12 நிமிடத்தில் முடிந்துவிடும். கெடுவது ஒரே இடத்தில்தான்: ஃபோர்செக்கர் அரை வேகத்தில் வருவார். எல்லாரும் வெற்றிகரமாக வெளியே கொண்டுவருவார்கள், சனிக்கிழமை ஒன்றும் மாறியிருக்காது. முழு வேகத்தில் வராதவரை டிரில்லை நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

நீங்கள் வீடியோவில் இருப்பதால் ஒரு வேலை. ஒவ்வொரு ஆட்டத்திலும் இந்த பக் எடுப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: நம் கட்டுப்பாட்டோடு வெளியே வந்தது, வெளியே வந்தது ஆனால் எதிரியிடம் போனது, வெளியே வராதது. ஆள்வாரியாக எழுதுங்கள். யாருடைய முதல் எண் மாதாமாதம் ஏறுகிறது என்று தெரிந்தால், "வளர்ச்சி" என்ற பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

---

ரிங்க்சைட்:

மூன்றாம் லைன் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். டிஃபன்ஸ் ஜோடிகள்ல யார் இடதுகை, யார் வலதுகைன்னு பாருங்க. ஆறு பேரும் இடதுகை ஷாட்னா, வலது பக்கம் ஆடுற மூணு பேரும் போர்டு ஓரத்துல பக்கை பேக்ஹேண்டுலதான், ஸ்டிக்கோட பின்பக்கத்தாலதான் எடுக்கணும். அங்கிருந்து நல்ல பாஸ் வராது. இது பயிற்சியில முழுசா சரியாகாது, ஆள் எடுக்கும்போதே பார்க்க வேண்டியது. அதுவரைக்கும் அந்தப் பக்கம் "ஓவர்", "ரிவர்ஸ்" ரெண்டையும் அதிகமா பழக்கலாம்.

அப்புறம் உங்க இரண்டாவது பீரியட் விஷயம். அது மர்மமே இல்லை. முதல், மூன்றாம் பீரியட்ல நம்ம பெஞ்ச் நம்ம ஜோன் பக்கத்துல இருக்கும். இரண்டாவதுல பக்கம் மாறுறதால பெஞ்ச் தூரம் போயிடும். டிஃபன்ஸ்மேன் களைச்சுப் போனாலும் மாற முடியாது, நடுக்கோட்டைத் தாண்டி ஓடணும். அதனால இரண்டாவது பீரியட்ல கோல் கூடுறது எல்லா மட்டத்துலயும் இருக்குற விஷயம்தான். ஆனா பக்கை வெளியே எடுக்கத் தெரியாத அணிக்கு அது இரட்டை அடி. 40, 45 விநாடியில முடிய வேண்டிய ஷிஃப்ட் (ஒரு தடவை ஐஸ்ல இறங்கி ஆடுற நேரம்) 80 விநாடிக்குப் போகும். கடைசியில நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே எதிர் முனைக்கு அடிச்சு ஐசிங்ங்கற தப்பு ஆகும். ஐசிங் பண்ணின அணி ஆள் மாத்தக்கூடாது. அதே களைச்ச அஞ்சு பேர், ஃபேஸ்ஆஃப் நம்ம ஜோன்ல, எதிர்ல புது ஆளுங்க. கோல் அங்கதான் விழுது.

செய்ய வேண்டியது: வாங்கின ஒவ்வொரு கோலுக்கும் அந்த நேரத்துல ஐஸ்ல இருந்த ஆளுங்க எத்தனை விநாடியா இருந்தாங்கன்னு எழுதுங்க. ஒரு மாசத்துக் கோல்களை இப்படி எழுதிப் பயிற்சியாளர் முன்னாடி வச்சா பேச்சே தேவைப்படாது.

ஆட்டம் ஓடும்போதே ஆள் மாத்துறதுக்கு விதி ரெண்டுதான். நம்ம கட்டுப்பாட்டுல பக் நடுக்கோட்டைத் தாண்டி ஆழமாப் போனாத்தான் மாறலாம். ரெண்டு டிஃபன்ஸ்மேனும் ஒரே நேரத்துல மாறக் கூடாது. பெஞ்ச் பக்கம் இருக்கறவர் முதல்ல, மத்தவர் புது ஆள் இடத்துக்கு வந்த பிறகு. இதை புதன்கிழமை முழு ஐஸ் ஸ்கிரிமேஜ்ல (நமக்குள்ளயே ஆடுற பயிற்சி ஆட்டம்) பழக்கணும், பெஞ்ச் தூரமா இருக்கற மாதிரி பக்கத்தை மாத்தி வச்சு. முக்காவாசி அணி பயிற்சியில எப்பவும் கிட்ட இருக்கற பெஞ்சையேதான் பயன்படுத்துது. நீண்ட மாற்றத்தை, அதாவது பெஞ்ச் தூரமா இருக்கும்போது ஆள் மாத்துறதை, அவங்க ஆட்டத்துல மட்டும்தான் சந்திக்கறாங்க.

---

வலைக்காவல்:

கோலியைப் பற்றி யாரும் தொடவில்லை. சேவ் விகிதத்தை வைத்து அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். ஒரு சீசனில் 1000 ஷாட் சந்தித்தார் என்று வைத்துக்கொண்டால், 0.900-க்கும் 0.910-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 10 கோல். அதே திறமையுள்ள கோலி ஒரு வருஷம் 9 கோல் கூட, ஒரு வருஷம் 9 கோல் குறைய வாங்குவது வெறும் தற்செயலிலேயே நடக்கும். எண்ணைவிட, கோல் எங்கிருந்து எப்படி விழுகிறது என்பது முக்கியம். ஸ்லாட்டுக்கு (வலைக்கு நேர் முன்னே உள்ள இடம்) நடுவே குறுக்காகப் பாஸ் போய் உடனே அடித்த ஷாட்டா? முன்னால் ஆள் மறைத்து நின்றதா? கோலி தடுத்துத் திரும்பி வந்த ரீபவுண்டா? தெளிவாகப் பார்த்தும், அசையாமல் நின்றும் விட்டதா? கடைசி வகை மட்டும்தான் முழுக்கக் கோலியின் பொறுப்பு. குறுக்குப் பாஸ் கோல்கள் நிறைய இருந்தால், பின்னால் ஓடிவரும் ஃபார்வர்டுகள் நடுவில் ஸ்டிக்கை வைக்கவில்லை என்று பொருள்.

பயிற்சியே கோலியைக் கெடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. வேகமான டிரில்களில் ஒருவர் அடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் அடித்துவிடுவார். முதல் ஷாட்டின் ரீபவுண்டைத் துரத்த நேரம் இல்லாததால், கோலி அதைக் கவனிக்காமலே விட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்பப் பழகுகிறார். அடிக்கும் முன்பே மண்டியிடவும் பழகுகிறார். இரண்டு மாதம் இப்படிப் போனால் வெள்ளிக்கிழமை இரவும் அதையேதான் செய்வார். ஷாட்டுக்கும் ஷாட்டுக்கும் 4 விநாடி இடைவெளி வையுங்கள், ரீபவுண்டு தீரும்வரை அந்த முறை முடியவில்லை என்று விதி போடுங்கள். அடிப்பவரும் வலைக்கு முன்னால் நின்றாக வேண்டும் என்பதால் ஃபார்வர்டுகளுக்கும் லாபம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பயிற்சிக்கு 20 நிமிடம் முன்னதாக கோலிகள் மட்டும் ஐஸில் இறங்கட்டும். முதல் 8 நிமிடம் பக் இல்லாமல் நகர்வு: போஸ்ட்டிலிருந்து நடு, நடுவிலிருந்து போஸ்ட், ஒவ்வொரு முறையும் முழுதாக நின்று, தலை முதலில் திரும்பி, பிறகு உடல். அடுத்த 12 நிமிடம் ஒரே ஒரு சூழ்நிலை, அந்த வாரம் எதிரணி அதிகம் செய்வது எதுவோ அது. மூன்றாவது கோலியை மறக்க வேண்டாம். பெரும்பாலான அணிகளில் அவர் பக் பொறுக்குபவர்போல் நிற்பார். இரண்டு வருஷம் கழித்து வலையில் நிற்கப்போகிறவர் அவராக இருக்கலாம்.

---

வெளிக்கோடு:

எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். இப்போதைய நிலைமையில் நீங்கள் வளர்த்த பையன் மூன்றாம் ஆண்டு நன்றாக ஆடினால், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) வழியாகப் பெரிய கல்லூரிக்குப் போய்விடுவான். 2024-லிருந்து படிப்பில் தேறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். 2025 ஆகஸ்ட்டிலிருந்து கனடாவின் சிஎச்எல் ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களும் டிவிஷன் 1-க்கு வரலாம் என்று ஆகிவிட்டது. மேலே உள்ள அணிகள் அங்கே போய் ஆள் எடுக்கின்றன. அந்த மேல் அணிகளில் இடம் இழந்தவர்கள் கீழே இறங்கி வருகிறார்கள். சிறிய அணி போர்ட்டலிலிருந்து 22, 23 வயது ஆட்களை எடுத்து இந்த வருஷமே ஜெயிக்கப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். வளர்ச்சி என்பது மற்றவர்களுக்காக உழைப்பது.

---

மூன்றாம் லைன்:

வெளிக்கோடு, பாதி ஒத்துக்கொள்கிறேன். மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் ஏன் இந்த அணிக்கு வர வேண்டும்? பணம் கிடையாது, அரங்கம் சிறியது. கொடுக்க முடிந்தது இரண்டுதான்: ஐஸ் நேரமும், இங்கே வந்தவர் மேம்பட்டார் என்ற பெயரும். இரண்டாவது இல்லையென்றால், முதலாவதை இதே நிலையில் உள்ள எல்லா அணியும் கொடுக்கும்.

நல்ல ஆள் ஒருவர் போவார், போகட்டும். போவது முதல் லைனில் (லைன் என்றால் ஒன்றாக இறங்கும் மூன்று ஃபார்வர்டுகள்) இரண்டு பேர். மூன்றாம், நான்காம் லைன், ஐந்தாவது ஆறாவது டிஃபன்ஸ்மேன் போக மாட்டார்கள். ஆட்டத்தில் பாதி நேரம் அவர்கள்தான் ஐஸில் இருக்கிறார்கள், அவர்கள் எவ்வளவு முன்னேறினாலும் லாபம் அணிக்கே. தடுமாறும் அணிகளில் நேர் எதிராக நடக்கும். பயிற்சியாளரின் கவனமெல்லாம் பவர் பிளே ஆட்களிடம்.

ஒரு உதாரணம்: ரேண்ட் பெக்னோல்ட் 1994-ல் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது குவினிபியாக் கல்லூரி டிவிஷன் 2 அணி. டிவிஷன் 1-க்கு வந்தது 1998-ல். 2023 தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் மினசோட்டாவை ஓவர்டைமில் 3-2 என்று வென்றார்கள். ஓவர்டைம் தொடங்கி 10 விநாடியில் கோல், எழுதிவைத்துப் பழகிய ஃபேஸ்ஆஃப் திட்டத்திலிருந்து. அந்த அணியிலும் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் இருந்தார்கள். இது ஒன்றா அது ஒன்றா என்ற கேள்வியே இல்லை.

---

இரும்புத்தட்டு:

எடைப் பயிற்சி பக்கத்திலிருந்து. "மூன்றாம் ஆண்டிலும் அதே ஆள்" என்று சொன்னதும் எனக்குத் தோன்றியது: சீசன் தொடங்கியதும் எடைப் பயிற்சியைக் குறைத்துவிடுகிறார்களா? அக்டோபர் முதல் மார்ச் வரை இலேசாகச் செய்தால், கோடையில் சேர்த்த பலம் பிப்ரவரிக்குள் கரைந்துவிடும். அடுத்த கோடையில் அதையே மறுபடி சேர்ப்பார்கள். நான்கு வருஷமும் ஒரே படியில் ஏறி இறங்குவது இப்படித்தான்.

சீசனில் வாரம் இரண்டு முறை, 40 நிமிடம் போதும். எடை அதிகம், எண்ணிக்கை குறைவு. திங்கள்: டிராப் பார் (நடுவில் நின்று தூக்கும் அறுகோணக் கம்பி) டெட்லிஃப்ட், உச்ச எடையில் 80 முதல் 85 சதவீதத்தில் 3 செட், ஒவ்வொன்றும் 3 முறை, ஒரு காலை பின்னால் வைத்த ஸ்பிளிட் ஸ்குவாட் 3 செட், காலுக்கு 5, சின் அப், ரோ. புதன்: பக்கவாட்டுத் தாவல் காலுக்கு 4 வீதம் 3 செட், முழுதாக நின்று இறங்க வேண்டும், அதன்பின் எடை கொஞ்சம் குறைத்து இன்னொரு சுற்று. வியாழன் கனமான கால் பயிற்சி கூடாது. நீண்ட தூர ஓட்டம் வேண்டவே வேண்டாம், ஹாக்கியில் 45 விநாடிக்கு மேல் யாரும் முழு வேகத்தில் போவதில்லை.

தொடையின் உட்புறத் தசைக்குத் தனிக் கவனம் கொடுங்கள். ஸ்கேட்டிங்கில் காலை வெளியே தள்ளும் தசை தானாகவே பலப்படும், உள்ளே இழுப்பது பின்தங்கும். உட்தசையின் பலம் வெளித்தசையின் பலத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கவட்டைத் தசைப் பிசகு வரும் அபாயம் பல மடங்கு கூடும். கையில் பிடிக்கும் டைனமோமீட்டர் (தசை பலத்தை அளக்கும் கருவி) ஒன்றிருந்தால் மாதம் ஒருமுறை ஆளுக்கு 3 நிமிடத்தில் அளந்துவிடலாம். கோபன்ஹேகன் அடக்டர் பயிற்சி (பக்கவாட்டில் படுத்து, மேல்காலைத் தாங்கியில் வைத்து உடலை உயர்த்துவது) வாரம் இரண்டு முறை, பக்கத்துக்கு 8 வீதம் 2 செட். முதல் இரண்டு வாரம் மேல்காலை முழங்காலில் தாங்கி வைத்துச் செய்யட்டும், பிறகு கணுக்காலில். நேராகக் கணுக்காலில் ஆரம்பித்தால் நடக்க முடியாத அளவுக்கு வலிக்கும், அப்புறம் யாரும் செய்ய மாட்டார்கள்.

தோற்ற வார இறுதிக்குப் பிறகு திங்கள்கிழமை தண்டனையாகக் கோட்டுக்குக் கோடு ஸ்கேட் ஓடவிடும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கேட்டிங் களைப்பிலிருந்து கால் மீள்வதற்கான நாள் அது. அன்றைக்கு அடித்து நொறுக்கினால் செவ்வாயின் கடினமான பயிற்சி, அதாவது உண்மையிலேயே கற்றுக்கொள்ளும் பயிற்சி, பாழ்.

---

நீலக்கோடு:

எல்லாருக்கும் நன்றி. நீண்ட மாற்றக் கணக்கை இந்த வாரமே தொடங்குகிறேன். இரண்டு கேள்வி. செவ்வாய்ப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும்? இப்போது 26 பேரும் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் போகும் டிரில்கள்தான் அதிகம். இரண்டாவது, ஆட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள். ஒரே நாலைந்து பேர் வாராவாரம் கேலரியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

---

மூன்றாம் லைன்:

26 பேர் வரிசையில் நின்றால் ஒருவர் 8 விநாடி வேலை செய்து ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறார். 70 நிமிடப் பயிற்சியில் அவர் பக்கைத் தொடும் நேரத்தை நீங்களே கடிகாரம் வைத்து எடுத்துப் பாருங்கள், ஒரே ஒரு வீரரை மட்டும் கேமராவில் தொடர்ந்தால் போதும். அந்த வீடியோவைவிட வலுவான வாதம் இல்லை.

செவ்வாய் 70 நிமிடம். முதல் 8 நிமிடம் பக்கோடு ஸ்கேட் விளிம்புத் திருப்பங்கள், கோலிகளுக்கு நிதானமான ஷாட்கள். அடுத்த 12 நிமிடம் மேலே சொன்ன பக் எடுக்கும் டிரில், இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில். பிறகு 26 நிமிடம் சிறு இட ஆட்டங்கள், அதுதான் அன்றைய உயிர். மிச்சம் முழு ஐஸில் மூன்றுக்கு இரண்டு, பேக்செக் செய்யும் (பின்னாலிருந்து துரத்தி வந்து தடுக்கும்) ஆளோடு. கடைசி 5 நிமிடம் அவரவர் தனிக்குறை.

சிறு இட ஆட்டம் என்றால் புளூ லைனுக்குள் மூன்றுக்கு மூன்று. ஒரு வலை வழக்கமான இடத்தில், மற்றது புளூ லைன் பக்கம். 30 விநாடி ஷிஃப்ட், விசில், புது ஆட்கள், பக் அப்படியே தொடரும். ஒவ்வொரு குழுவும் ஒரு பங்கு வேலைக்கு மூன்று பங்கு ஓய்வு. அந்த வாரம் எது தேவையோ அதற்கேற்ப விதி வையுங்கள். போர்டு ஓரச் சண்டை பலவீனம் என்றால், கோல் கோட்டுக்குக் கீழே ஒரு பாஸ் நடந்த பிறகுதான் கோல் செல்லும். ஆதரவுக்கு யாரும் வருவதில்லை என்றால், பக்கைப் பறித்தவர் தானே அடிக்கக் கூடாது, ஒரு பாஸாவது கொடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு விதி போட்டால் வீரர்கள் விதியை யோசித்து ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். ஷிஃப்ட் 60 விநாடிக்கு நீண்டால் எல்லாரும் சறுக்கிக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் மெதுவாக முடிவெடுக்கத்தான் பழகுகிறார்கள்.

தனிக்குறை விஷயம். ஒரு வீரருக்கு ஒரு மாதத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. "இன்னும் வேகமாக ஆடு" என்பது குறிக்கோள் ஆகாது. "போர்டு ஓரத்தில் பாஸ் வாங்கும்போது முதுகு போர்டில் படும்படி, முகம் உள்ளே பார்த்து நில்" என்பது குறிக்கோள். வாரம் 6 துண்டு வீடியோ: மூன்றில் அவர் அதைச் சரியாகச் செய்திருக்க வேண்டும், மூன்றில் தவறவிட்டிருக்க வேண்டும். 8 நிமிடம், உதவிப் பயிற்சியாளரும் அவரும் மட்டும், முதலில் வீரர் பேசட்டும். மொத்த அணியையும் உட்காரவைத்து 50 நிமிடம் ஓட்டும் தோல்வி வீடியோவில் யாரும் எதுவும் கற்பதில்லை. தன் முகம் வரக்கூடாது என்றுதான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

---

ரிங்க்சைட்:

வெளியே உட்கார்றவங்க கணக்கைச் சொல்றேன். 2025-26-லேர்ந்து வீரர்களுக்குக் கல்லூரியே வருமானத்துல பங்கு கொடுக்கற புது முறையை ஏத்துக்கிட்ட கல்லூரிகளுக்கு ஆட்கள் வரம்பு 26. மூணு கோலி போக 23 பேர். ஆட்டத்துக்கு உடுத்துறது கோலிகள் தவிர 19 பேர். ஆக யாருக்கும் காயமே இல்லைனாலும் நாலு பேர் வெளிய. முதலாண்டு ஆளுங்க அதுல மாட்டிக்கிட்டா பருவம் முழுக்க ஆட்ட வேகத்தையே பார்க்காம போயிடுவாங்க. மூணாம் ஆண்டுல "வளரலையே"ன்னு நாம கேட்கறது இவங்களைத்தான்.

சனிக்கிழமை காலையில அந்த நாலு பேருக்கும் தனியா 40 நிமிஷம் ஐஸ் வேணும், ஒரு உதவிப் பயிற்சியாளரோட. ஆட்டத்துல ஒருத்தர் செய்யற உழைப்புக்கு ஈடா இருக்கணும்: ரெண்டுக்கு ரெண்டு, 30 விநாடி, 90 விநாடி ஓய்வு, அப்படி 12 சுற்று. மிச்ச நேரம் அவரவர் அந்த மாசக் குறிக்கோள். சும்மா சுத்தி வந்து ஷாட் அடிச்சுட்டுப் போறது கூடாது.

ரெண்டாவது, யாரும் தொடர்ந்து நாலு ஆட்டம் வெளிய இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி வைக்கலாம். முக்கியமான தொடர்னா தலைமைப் பயிற்சியாளர் மனசு வராதுதான். அதுக்கு வழி, பதிமூணாவது ஃபார்வர்டா உடுத்தவச்சு, முதல் ரெண்டு பீரியட்ல குறைஞ்சது ஆறு ஷிஃப்ட். எதிரணி ஜோன்ல ஃபேஸ்ஆஃப் வரும்போது அனுப்பினா ஆபத்து குறைவு. நான்காம் லைனுக்கும் இதே. ஆட்டத்துக்கு 5 நிமிஷம்தான் கிடைக்கும்னு தெரிஞ்ச பையன், அந்த 5 நிமிஷத்துல தப்பு பண்ணாம இருக்கறதைத் தவிர வேற எதையும் செய்ய மாட்டான். அவனைப் பத்து நிமிஷத்துக்கு ஏத்துங்க. பக்கை வச்சு ஏதாவது முயற்சி பண்ண ஆரம்பிப்பான்.

வெளிய உட்கார வைக்கற செய்தியை எப்படிச் சொல்றீங்கங்கறதும் முக்கியம், சகோ. லாக்கர் ரூம் பலகையில பெயர் இல்லாததைப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. வியாழக்கிழமை பயிற்சி முடிஞ்சதும் நேர்ல கூப்பிட்டு, எதனால, திரும்ப உள்ள வர எது மாறணும்னு ரெண்டு வரியில சொல்லணும். அந்த ரெண்டாவது வரி, நீங்க வீடியோவுல எண்ணற ஏதாவது ஒண்ணா இருந்தா, அடுத்த வியாழன் ரெண்டு பேரும் அதே தாளைப் பார்த்துப் பேசலாம்.